கடைசிப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பை

அக்கா இறந்தபோது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாற்பத்தொரு கணக்கு நோட்டுகள் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடைய நோட்டுகள். பழுப்பு அட்டை போட்டு லேபிள் ஒட்டியவை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு துணிப்பைகளில் சுமந்துகொண்டு வந்தாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. அடுத்த சனிக்கிழமை அவள் இல்லை. டெங்கு என்றார்கள். ஒரு கொசுவால் இவ்வளவு முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். அந்த நோட்டுகள் அடியில் இருந்தவரை, மத்தியானம் மழை மூடிக்கொண்டு வரும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், அடியிலிருந்து பிள்ளைகள் கசமுசவென்று பேசுவதுபோல இருக்கும். நாற்பது பேர் மெதுவாகப் பேசுவார்கள். ஒருத்தி மட்டும் சத்தமாகச் சிரிப்பாள். அவளை நான் அப்போது பார்த்ததே இல்லை. ஆனாலும் யார் என்று தெரியும்.

அக்கா பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸாக இருந்தாள். வீடாகக் கட்டிய கட்டடம், மாடிக்கு மேல் தகர ஷீட் போட்டு இன்னும் இரண்டு வகுப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அவள் தினமும் அந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசினாள். வீட்டுக்குள் வந்ததும் புடவையில் குத்திய பின்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டுவாள். பிறகு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கால் இரண்டையும் அதற்குள் விட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். அதுதான் ஆரம்பம்.

"இன்னிக்கு இன்னா பண்ணா தெரியுமா அந்த சனியன்?"

"இன்னா பண்ணா?"

"பெஞ்சுக்கு அடியில பூந்து ரெண்டு பசங்க ஷூ லேஸை ஒண்ணா கட்டி வெச்சிட்டாடி. பெல் அடிச்சதும் ரெண்டும் எந்திரிச்சி தொபுக்குனு விழுதுங்க. யாரு பண்ணதுன்னு கேக்கறேன். ஸ்டைலா எந்திரிச்சி நிக்கறா. 'நான்தான் மிஸ், ரெண்டு பேரும் சண்ட போட்டாங்க, அதான் சேத்து வெச்சேன்'ங்கறா."

நான் சிரிப்பேன்.

"சிரிக்காதடி. உனக்கென்ன, உக்காந்து கத கேக்கற. மேய்க்கறது நான்ல?"

ஆனால் அவளுக்கும் சிரிப்பு வரும். வாளித் தண்ணீர் குலுங்கும். ஒரு நாள் அந்தப் பெண் அக்கா மாதிரியே நடந்து காட்டினாளாம், ஒரு தோளைச் சாய்த்து, கைப்பை நழுவாமல். ஒரு நாள் அக்காவின் கைப்பைக்குள் மெண்டரில் சீவிய பென்சில் தூளை எல்லாம் கொட்டி ஜிப்பை மூடி வைத்தாளாம். அக்கா கடையில் பர்ஸ் எடுக்கக் கையை விட்டால், சுருள் சுருளாக விரலோடு வந்ததாம்.

எல்லா நாளும் சிரிப்பு இல்லை. ஒரு நாள் கால் நனைக்காமல் அப்படியே படுத்துவிட்டாள். அம்மா காபி வைத்தது ஆறிப் போனது. கையைக் கிள்ளிவிட்டேன் என்றாள். "சும்மா இல்ல. நல்லா, நகம் படற மாதிரி. அவ அழுவல. என்னையே பாத்தா. எனக்குள்ள இவ்ளோ கோவம் எங்கிருந்துடி வருது? எட்டு வயசு புள்ள மேல?" மறுநாள் அந்தப் பெண் கையில் இருந்த தழும்பை வகுப்பு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாளாம், மிஸ் குடுத்தது, மிஸ் குடுத்தது என்று. அதைச் சொல்லும்போது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

இன்னொரு நாள் சொன்னாள். "அவ லீவ் போட்டா எனக்கு எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா? கிளாஸே குளுகுளுன்னு இருக்கும். அப்பறம் பதினோரு மணிக்கு மேல அந்த காலி இடத்தயே பாத்துனு இருப்பேன். அந்த நிம்மதி வந்திச்சே, அத நெனச்சா அசிங்கமா இருக்கு."

"அவ்ளோ புடிக்கலனா உட்டுடேன்."

"புடிக்கலன்னு யார் சொன்னது? நல்ல புள்ளைங்க எல்லாம் ஸ்கூல்லயே இருந்துடுதுங்க. இது ஒண்ணுதான் என்கூடவே வீட்டுக்கு நடந்து வருது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வேலையைப் பற்றி அவள் ஒரு வாரம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பல் விழுந்தது எனக்குத் தெரியும். என் கை மெஷினில் பட்டு நகம் கறுத்தது அக்காவுக்குத் தெரியாது.

நான் ஹெப்பகோடி பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையைப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. "நீயும் என்ன மாதிரிதான்டி, செவப்பால தப்பு காட்ற வேல" என்று அக்கா கிண்டல் செய்வாள். எங்கள் லைனில் ஒரு டெய்லரம்மா இருக்கிறார், அவர் தைத்தால் எப்போதும் காலர் கோணலாக வரும். அவர் சட்டையைக் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும். எரிச்சல் வரும். ஆனால் அவர் வராத நாளில், ஒழுங்கான சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்போது, என் விரல் அந்தக் கோணலைத் தேடும். அக்கா சொன்னதில் எனக்கு அது ஒன்றுதான் புரிந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். நானும் சனியன்தான். கன்னட மீடியம் அரசாங்கப் பள்ளியில் ஒரு டீச்சரை மேப் வைக்கும் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். ஒரு பீரியட் முழுக்க அவர் உள்ளே இருந்தார். கதவைத் திறந்தபோது அவர் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு ஆளனுப்பினார்கள், அம்மா வந்து அழுதாள், நான் போக மாட்டேன் என்றேன். இவ்வளவு வருஷமும் டீச்சர்கள் எல்லோரும் என்னை வெறுத்தார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்க அங்கே கன்னடம்தான். தமிழ் அம்மா வாங்கும் வாரப் பத்திரிகையைக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்தது. இதிலே பிழை இருந்தால் அதனால்தான்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மழை விட்டு, தெருவில் நின்ற தண்ணீரெல்லாம் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. அக்கா வாளியில் காலை விட்டுக்கொண்டு மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்தினாள். பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் சிவப்புப் பேனாவில் 'சீன்' என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அக்கா கணக்கு இருக்கும் பக்கம் மட்டுமல்ல, கிறுக்கின பக்கத்துக்கும் போடுவாள்.

திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் குலுங்கினாள், நோட்டைத் தண்ணீரில் போட்டுவிடுவாளோ என்று நான் ஓடினேன்.

"பாருடி, பாருடி இத."

அந்தப் பெண்ணின் நோட்டு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெண் படுத்திருந்தாள். புடவை, பெரிய பல், கொண்டை. கண் இருக்கும் இடத்தில் இரண்டு பெருக்கல் குறி. கழுத்தில் மாலை. தலைமாட்டில் ஊதுவத்தி கூட இருந்தது. கீழே கன்னடத்தில், மிஸ் சாகட்டும்.

"ஐயோ, இன்னாக்கா இது?"

"எல்லாத்தயும் போட்டிருக்கா பாரேன். மாலை, ஊதுவத்தி. என் பேக மட்டும் உட்டுட்டா. பேக் இல்லாம நான் எங்கயாச்சும் போவனா?" சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவால் அந்தப் பெண்ணின் கை ஓரத்தில் ஒரு கைப்பை வரைந்தாள். ஜிப்போடு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. அக்கா வாளியையே பார்த்தாள்.

"இன்னிக்கு அவள வெளில நிக்க வெச்சேன்டி. சும்மா அஞ்சு நிமிஷம்னு. மறந்தே போய்ட்டேன். ரெண்டு பீரியட். மழை அடிச்சி ஊத்துது. பெல் அடிச்சப்பதான் ஞாபகம் வந்திச்சி. தலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கறா. அதுக்கப்பறம் ஒரு பீரியட் உக்காந்து இத வரஞ்சிருக்கா."

"சாரி சொன்னியா?"

"எப்பிடி சொல்றது, எல்லாம் பாக்குதுங்க. மண்டே நோட்டு குடுக்கறப்ப தனியா கூப்ட்டு சொல்லணும்."

படத்துக்கு அடியிலும் 'சீன்' போட்டாள். கையெழுத்தும் போட்டாள். "இதுக்குமா?" என்றேன். "பின்ன? போடலனா பாக்கலன்னு நெனச்சிக்கும்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஹெட்மிஸ் போன் செய்தார். பரீட்சை வருகிறது, நோட்டு வேண்டும், தப்பாக நினைக்காதே என்றார். நான் கட்டிலுக்கு அடியிலிருந்து நோட்டுகளை இழுத்துத் தரையில் அடுக்கினேன். அம்மா சும்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அக்காவின் சிவப்புக் கையெழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நான் கவனிக்கவில்லை. அவள் அந்த நோட்டுக்கு வந்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. படம் போதுமே.

"யாருடி வரஞ்சது இத?"

"ஒரு பொண்ணும்மா. வெளையாட்டுக்கு."

"என் பொண்ணுக்கு மால போட்டு, ஊதுவத்தி வெச்சி... இதுவா வெளையாட்டு? எழுதி வெச்ச மாதிரியே பலிச்சிடுச்சே! கிழி. கிழிச்சி அடுப்புல போடு."

நான் நோட்டை வாங்கினேன். கிழிக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நடுவில் பின் அடித்த நோட்டு அது. கடைசித் தாளைக் கிழித்தால் முதல் தாள் கையோடு வந்துவிடும். திருப்பிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதி, அக்கா இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள். ஜூன் மாதத்து நட்சத்திரம்.

அன்று மத்தியானம் கட்டிலில் படுத்தேன். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு இடம் இருக்குமே, அங்கே அக்கா பள்ளிக்கூட மாடியில் நின்றாள். மழை மேலிருந்து விழாமல் அவளைச் சுற்றி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நோட்டுகள் புறாக்கள் மாதிரி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன. அவள் கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டே, "மண்டே ஆயிடுச்சாடி?" என்று கேட்டாள். ஆகவில்லை என்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவுக்கே பலித்தது என்று தோன்றினால், அதை எழுதிய பிள்ளைக்கு என்ன தோன்றும்? அது இந்நேரம் என்ன நினைத்துக்கொண்டிருக்கும்?

சனிக்கிழமை லீவு போட்டேன். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு, அக்காவின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியாது. உள்ளே அடியில் இன்னும் பழைய பென்சில் தூள் இருந்தது.

மூன்றாம் வகுப்பு தகர ஷீட்டுக்குக் கீழே. தூறல் மேலே தட்டிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றதும் எல்லாம் எழுந்து, "குட்... மார்னிங்... மிஸ்..." என்று இழுத்துப் பாடின. என்னைப் பார்த்து அல்ல, பையைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. புது மிஸ் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும்.

"ஒரு பொண்ணு இருக்குமே, ரொம்ப சேட்ட பண்ணும்..." என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவளா? கடைசி பெஞ்ச் ஓரம். எல்லாரும் என்ன பயமுறுத்தினாங்க, அவ அப்பிடி, இப்பிடின்னு. பாவம், ஒரு சத்தம் இல்ல. அவ்ளோ நல்ல புள்ள."

பார்த்தேன். இரட்டைச் சடை. கை கட்டி, நேராக உட்கார்ந்திருந்தாள். அக்கா சொன்ன எதுவும் அந்த முகத்தில் இல்லை.

நோட்டுகளைக் கொடுத்துவிட்டு, கீழே அக்காவின் சாமான் இருக்கிறது, தூக்கிவர ஒரு ஆள் வேண்டும் என்று பொய்யாகச் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டு திரும்பும் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் நின்றாள். அவளுடைய நோட்டை மட்டும் தனியாக வைத்திருந்தேன்.

"இந்தா, உன் நோட்டு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாங்க்கா."

"ஏன்?"

"மிஸ்ஸே வெச்சிக்கட்டும்."

"மிஸ்தான் இல்லயே கண்ணு."

"அதான்."

கட்டிய கையை எடுக்காமலே, "நீங்க மிஸ்ஸோட தங்கச்சியா? நடக்கறது அதே மாதிரி இருக்கு" என்றாள். பிறகு படியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "கடசி பேஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன். மிஸ்ஸும் பாத்தா. அன்னிக்கே."

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. "அப்ப கரெக்ட்டு. நான் எழுதினேன், மிஸ் படிச்சாங்க, காய்ச்சல் வந்திச்சி."

நான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது அப்படியே திரும்பி வந்து நின்றது. படித்தவர்கள் யாராவது இருந்தால் சரியான பதில் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"எழுதினா யாரும் சாவ மாட்டாங்க. செத்துடுவாங்கன்னா எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் உசுரோட இருக்க மாட்டாங்க. நான் எவ்ளோ எழுதியிருக்கேன் தெரியுமா? பெஞ்சுல, செவுத்துல, பாத்ரூம் கதவுல. ஹெட்மாஸ்டர் பேர கூட எழுதினேன். இப்பவும் டெய்லி வாக்கிங் போறாரு, குண்டா."

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமா?"

"ஒரு டீச்சர ரூம்ல உட்டு தாழ்ப்பா போட்டேன்."

"சக்கத்!" என்றாள், கன்னடத்துப் பிள்ளைகள் சூப்பர் என்பதற்குச் சொல்வது. வாய் தானாகத் திறந்துவிட்டது. விழுந்த பல்லின் இடத்தில் புதுப் பல் பாதி வந்திருந்தது. உடனே மூடிக்கொண்டாள். "ஆனா உங்க டீச்சர்ங்க அத பாத்திருக்க மாட்டாங்க."

நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"இந்த பேக் நான் வரயல."

"மிஸ் வரஞ்சா. எல்லாத்தயும் போட்டுட்டு என் பேக உட்டுட்டாளேன்னு சிரிச்சா."

"கோவமா சிரிச்சாங்களா, நெஜமாவே சிரிச்சாங்களா?"

"கண்ணுல தண்ணி வர வரைக்கும். நோட்டு வாளியில உழுந்திருக்கும், அப்பிடி."

அவள் விரல் அந்தச் சிவப்பு ஜிப்பின் மேல் போனது. அடியில் இருந்த 'சீன்' மேல் போனது. தகரத்தில் தூறல் விழும் சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"மிஸ் உங்கிட்ட சாரி சொல்லணும்னு இருந்தா. மண்டே வந்து சொல்லணும்னா. அதுக்குதான் நான் வந்தேன்" என்றேன்.

"எதுக்கு சாரி?"

"மழையில ரெண்டு பீரியட் நிக்க வெச்சாளே, அதுக்கு. ராத்திரி சரியா சாப்படல."

அவள் ஷூ நுனியால் படியைச் சுரண்டினாள். "அக்கா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்லு."

"நான் நிக்கவே இல்ல. கீழ ஆயாம்மா ரூம்ல போயி உக்காந்துக்கினேன். ஆயாம்மா கொழம்பு சாதம் குடுத்தாங்க. பெல் அடிக்கற டைம்ல டேப்ல தலைய நனச்சிக்கினு ஓடி வந்து நின்னேன்."

அக்கா அந்த ராத்திரி தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது எனக்குக் கண்முன் வந்தது. அந்தச் சொட்டச் சொட்ட நின்ற தலையும் வந்தது. குழாய்த் தண்ணீர். எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக இல்லாத சிரிப்பு, வயிறு வலித்தது. அவளும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிலுக்கு அடியில் கேட்ட சிரிப்பு இல்லை அது. இதில் கொஞ்சம் எச்சில் இருந்தது.

"மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உதடு கோணியது.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். ஒருத்தரை ஒருத்தர் தொடவில்லை. அழுது முடித்து நோட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஹெட்மிஸ் கூப்பிட்டார். அக்காவின் குடையும் ஒரு டம்ளரும் அங்கே இருந்தன, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். கைப்பையை அவளிடம் கொடுத்து, பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பையைத் தோளில் மாட்டி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து கழற்றிக் கொடுத்தாள். "தாங்க்யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறி ஓடினாள். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் மேலே புது மிஸ்ஸின் குரல் கேட்டது. "ஏய்! யாரது? எறங்குடி மொதல்ல பெஞ்ச்ல இருந்து!"

வீட்டுக்கு வரும்போது நன்றாக நனைந்துவிட்டேன். அம்மா துண்டை எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, வாளியில் வெந்நீர் ஊற்றிக் கலந்தாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டேன். போனை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். விரலோடு சுருள் சுருளாக வந்தது. பழைய தூள் இல்லை. சிவப்பும் கறுப்பும் ஓரம் வைத்த சுருள்கள், பென்சில் வாசனை போகாதவை. நான் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் ஒரு டப்பா முழுக்கக் கொட்டி, ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறாள்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"ம்மா" என்றேன். "இன்னிக்கு இன்னா பண்ணா தெரியுமா அந்த சனியன்?"

வாளித் தண்ணீர் ஆடாமல் நின்றது. பிறகு அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"இன்னா பண்ணா?" என்றாள்.